பெரும்படமும் நெடுஞ்சட்டமும்

ஒரு புகைப்படத்திற்கோ நற்சான்றுப் பத்திரத்திற்கோ சட்டமிட வேண்டுமாயின் நாம் யோசிப்பதற்கு ஒன்றுமில்லை. கடைத்தெருவிற்குச் சென்று, சுவரில் தொங்கும் மாதிரித் துண்டுகளுள் ஒன்றைச் சுட்டிக்காட்டி, மாலையில் வந்து பெற்றுக்கொள்வதாகச் சொல்லித் திரும்புகின்றோம். படத்தின் அளவு பெருகப் பெருக இவ்வெளிமை குறைந்து, ஓரெல்லையில் முற்றும் அற்றுப்போகின்றது. அவ்வெல்லை ஏறக்குறையப் பத்தடி. அஃது ஏன் பத்தடியில் நிற்கின்றது, அதனைக் கடக்கும் வழிகள் யாவை என்பவற்றை, எமக்கு நேர்ந்த ஓர் அநுபவத்தின் வாயிலாக ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

நமது கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர் பர்கூரில் வாழ்கின்றார். (பர்கூர் என்றவுடன் ஈரோட்டு மாவட்டத்து மலையும் அதன் செந்நிற மாடுகளும் சிலர்க்கு நினைவு வரலாம். யாம் கூறுவது கிருஷ்ணகிரிக்குக் கிழக்கே, சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையின்மேல், கருங்கற் பட்டறைகளாற் பெயர்பெற்ற பர்கூர்.) அவர் நமது மண்டபத்தின் வடசுவருக்கென்று ஓர் எண்ணெய் வர்ண ஓவியம் தீட்டித் தருவதாக வாக்களித்து, ஈராண்டு உழைத்து முடித்தார். அதன் அகலம் 12 அடி. உயரம் 7 அடி. இடப்பக்கம் ஜெகதேவி மலை. நடுவே மாலை வெயிலிற் சிவந்த புழுதிப் பாதை. வலக்கோடியில், கற்குவாரியின் விளிம்பிலே ஒரு வேப்பமர நிழலில் அமர்ந்த தாயும், அவள் அருகே சிலேட்டில் எழுதிக்கொண்டிருக்கும் சிறுமியும். அச்சிறுமியே படத்தின் உயிர் என்பது அதனைக் கண்டார் யாவரும் ஒருமுகமாகக் கூறியது.

இம்மலைகளை ஓவியர் நோக்குவது புதிதன்று. 1792ஆம் ஆண்டில் தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் என்னும் ஆங்கில ஓவியர் இருவர் பாராமகால் வழியே பயணஞ்செய்து, இராயக்கோட்டை, ஜெகதேவி முதலிய மலைக்கோட்டைகளை வரைந்துகொண்டு, பின்னர் லண்டனில் அச்சுப்படங்களாக வெளியிட்டனர். அவை மேசைமேல் விரித்துப் பார்க்கத்தக்க அளவின. எந்தச் சட்டக்கடையும் அஞ்சாது ஏற்கும். அவர்க்கும் நெடுங்காலம் முன்னரே, பர்கூர் வட்டத்துத் தொகரப்பள்ளியை அடுத்த மயிலாடும்பாறையில் மக்கள் பாறைமேல் ஓவியம் எழுதினர். அவ்விடத்திற் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டதைப் பலரும் படித்திருப்பர். பாறையில் எழுதியவனுக்குச் சட்டத்தைப் பற்றிய கவலை இல்லை. துணியில் எழுதியவர்க்கு உண்டு.

சட்டமிடுதற்கென்று முன்னரே வடிவிழைத்து, வர்ணமும் பூசி விற்கப்படும் நீண்ட மரக்கழியைக் கடைக்காரர் ‘பீடிங்’ என்பர். யாம் இக்கட்டுரையிற் சட்டக்கழி என்போம். முதலிற் பர்கூரிலும், பின்னர்க் கிருஷ்ணகிரியிலும், அதன்பின் ஓசூரிலும் கேட்டோம். ஓசூரைக் கடந்தால் கர்நாடகம். அங்கே பெங்களூருவில், கர்நாடக சித்ரகலா பரிஷத்தும் 2009இல் திறக்கப்பெற்ற தேசிய நவீனக் கலைக்கூடமும் இருத்தலால், ஓவியர்க்கென்றே தொழில் செய்யும் சட்டக்கடைகள் மிகுதி, ஆங்கும் சென்றோம். வடிவங்கள் ஊருக்கு ஊர் பெருகின. நீளம் மாத்திரம் பெருகவில்லை. எங்கும் ஒன்பதரை அடி, பத்தடி என்ற விடையே கிடைத்தது. ஒரு கடைக்காரர், “ஐயா, வலப்பக்கம் இரண்டடி மடக்கிவிட்டால் பத்தடிக் கழியிலேயே முடித்துவிடலாமே, படம் ஒன்றும் கெட்டுவிடாது” என்று நல்லெண்ணத்துடனே சொன்னார். அவ்விரண்டடியிலேதான் தாயும் மகளும் இருந்தனர்.

கடைக்காரரைக் குறைகூற யாம் துணியோம். அவர் சொன்னதைச் செய்து காட்டிய பெருநகரம் ஒன்று உண்டு. ரெம்பிரான்ட் 1642இல் தீட்டிய ‘இரவுக் காவல்’ என்னும் ஓவியத்தை, 1715ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகர மண்டபத்திற்கு மாற்றியபோது, குறித்த சுவரிடத்தில் அடங்கவில்லை என்று நான்கு பக்கமும் வெட்டினர். இடப்பக்கத்தில் மாத்திரம் ஏறக்குறைய இரண்டடி போயிற்று. வெட்டிய துண்டுகள் இன்றுவரை அகப்படவில்லை. 2021இல், பழைய பிரதியொன்றைத் துணைகொண்டு கணிப்பொறியால் அப்பகுதிகளை மீள உருவாக்கிச் சிலகாலம் மூலத்தின் பக்கத்திற் பொருத்திக் காட்டினர். எஞ்சியுள்ள ஓவியமே 379 சென்டிமீட்டர் உயரமும் 453 சென்டிமீட்டர் அகலமும் உடையது. இதில் ஒரு வேடிக்கை. அவ்வோவியத்தின் துணி ஒரே துண்டன்று. மூன்று நீளத்துணிகளை இணைத்துத் தைத்தது. வேண்டிய அகலம் தறியில் இல்லையென்று ஓவியர் தம் படத்தைச் சுருக்கவில்லை, துணியை ஒட்டுப்போட்டுக்கொண்டார். மரத்தின் விஷயத்திலும் அவ்வழியே செல்வது என்று யாம் துணிந்தோம்.

இனி, கழி ஏன் பத்தடியில் நின்றுவிடுகின்றது என்பதைப் பார்ப்போம். மரம் அவ்வளவே வளரும் என்பதன்று. முப்பதடி நேராக நிற்கும் தேக்கு உண்டு. ஆயினும், வெட்டிய அடிமரத்தை வண்டியில் ஏற்றுதற்கும், வாளுக்குக் கொடுத்தற்கும், உலரவைத்தற்கும் ஏற்பத் துண்டாடுகின்றனர். நீளம் கூடக் கூட, கணுவோ வெடிப்போ இல்லாத துண்டு அரிதாகின்றது. உலரும்பொழுது மரம் நெடுக்கில் மிகச் சிறிதே சுருங்கும். குறுக்கிலோ பன்மடங்கு சுருங்கும். அக்குறுக்குச் சுருக்கம் ஒரு பக்கத்தில் மிகுந்து மறுபக்கத்தில் குறைந்தால் கழி வில்லாக வளையும், அன்றி முறுக்கிக்கொள்ளும். மூன்றடிக் கழியில் ஒரு நூல் அளவான வளைவு, பன்னிரண்டடியில் அதன் நான்கு மடங்காவதில்லை. நீளத்தின் வர்க்கத்தைத் தொடர்ந்து ஏறக்குறையப் பதினாறு மடங்காகும். ஆதலின் நெடுங்கழியை விற்பவன் தன் தலையில் தானே நட்டத்தை ஏற்றிக்கொள்வான். இக்காலத்தில் மரத்திற்குப் பதிலாக மிகுதியும் விற்கப்படும் பாலிஸ்டைரின் கழிகளோ இயந்திரத்தினின்று எவ்வளவு நீளமாகவும் வரக்கூடியவை. எனினும் பெட்டியில் அடுக்கிக் கப்பலேற்றுவதற்கும் கடைப் பரணில் அடங்குவதற்கும் ஏற்ப மூன்று மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வெட்டப்படுகின்றன. அன்றியும் அவை நீண்ட பளுவைத் தாங்கா.

நிற்க. எவ்வளவு கழி வேண்டும் என்னும் கணக்கிலேயே பலர் தவறுவர், யாமும் தவறினோம். படத்தின் சுற்றளவு 38 அடி. ஆதலின் பத்தடிக் கழி நான்கு போதும் என்று ஒரு தாளில் எழுதி, மரவாடிக்கும் சொல்லிவிட்டோம். எம்முடன் வந்த ஆசாரியார் அத்தாளைப் பார்த்து நகைத்தார். சட்டம் படத்திற்கு வெளியே நிற்பது. அதன் மூலைகள் 45 பாகையிற் சாய்த்து வெட்டப்படுவன. கழியின் அகலம் 4 அங்குலம், படத்தின்மேல் கவிந்து நிற்கும் உதடு அரை அங்குலம் என்று கொண்டால், ஒவ்வொரு பக்கமும் இரு முனையிலும் மூன்றரை அங்குலம் கூடும். அஃதாவது, நெடும்பக்கம் 12 அடி 7 அங்குலம். குறும்பக்கம் 7 அடி 7 அங்குலம். மொத்தம் 40 அடி 4 அங்குலம். இதுவன்றி, நெடும்பக்கத்தில் ஒட்டுப்போட ஓரடி மேற்கவிதல் வேண்டும். குறும்பக்கங்களுக்கு இரண்டு கழி வெட்டினால் எஞ்சுவது இரண்டிரண்டு துண்டாக 2 அடி 5 அங்குலம். அவை எதற்கும் உதவா. நெடும்பக்கம் ஒவ்வொன்றிற்கும் ஒரு முழுக்கழியும் 3 அடி 7 அங்குலத் துண்டும் வேண்டும். அவ்விரு துண்டுகளையும் ஐந்தாம் கழியினின்று எடுக்கலாம். எனவே ஐந்து கழி. பிழைக்கும் பழுதிற்கும் ஒன்று சேர்த்து ஆறு. இந்த ஆறும் ஒரே நாளில், ஒரே கத்தி பூட்டிய இயந்திரத்தில் ஒருசேர இழைக்கப்பட்டனவாக இருத்தல் வேண்டும். கத்தி தேயத் தேயக் கழியின் வளைவு மாறும்; சென்ற மாதத்துக் கழியோடு இந்த மாதத்துக் கழியை ஒட்டினால், விரலால் தடவும்போதே படி தட்டும்.

ஒரே துண்டாக நெடுமரம் கிடைக்காதோ என்று வினவுவார்க்குச் சொல்வேம். கிடைக்கும், தேட வேண்டும். மிகச் சிறந்தது இடித்த பழைய வீட்டு மரம். செட்டிநாட்டு மாளிகைகளுக்கென்று பர்மாவினின்று வந்த தேக்கு, வீடுகள் பிரிக்கப்படுகையில் காரைக்குடியில் விலைக்கு வருகின்றது. உத்திரமாகப் பல தலைமுறை இருந்து, சுருங்க வேண்டியதெல்லாம் சுருங்கி முடிந்த மரமாதலின், அதை அறுத்து இழைத்தால் இனி வளையுமோ என்னும் ஐயம் பெரிதும் நீங்கும். ஆணி புதைந்திருக்குமோ என்பதை மாத்திரம் காந்தம் கொண்டு பார்த்துக்கொள்ள வேண்டும். புதிய பர்மாத் தேக்கு முன்போல் அடிமரமாக வருவதற்கில்லை. 2014ஆம் ஆண்டு ஏப்ரலில் மியன்மார் அரசு முழுமர ஏற்றுமதியைத் தடைசெய்தது. நம் நாட்டுத் தேக்கை ஓரிடத்தினின்று மற்றோரிடம் கொண்டுசெல்வதற்கோ காட்டிலாகாவின் விதிகள் உண்டு. தமிழ்நாட்டிலே 1968ஆம் ஆண்டின் மரப் போக்குவரத்து விதிகள் இதனை ஆளுகின்றன. பர்கூர் மூன்று மாநிலங்கள் அருகருகே சந்திக்கும் மூலையிலுள்ளது. ஒருபுறம் கர்நாடகம், ஒருபுறம் ஆந்திரம். 2017 ஜூலையில் சரக்கு சேவை வரி வந்தபின் எல்லையில் வணிகவரிச் சாவடி இல்லாமற் போயிற்று என்பது உண்மையே. அதனால் காட்டிலாகாவின் விதியும் போயிற்று என்று கருதி, அத்திப்பள்ளிக்கு அப்பாலிருந்து மரத்தை ஏற்றிக்கொண்டு புறப்படுதல் கூடாது. விற்றவரின் சீட்டையும், அம்மரத்திற்கு அநுமதி தேவையாயின் அதனையும் கையில் வைத்துக்கொள்ளல் வேண்டும்.

காரைக்குடி எமக்குத் தொலைவு. கையிலிருந்த பணமும் குறைவு. ஆதலின் பத்தடிப் பலகைகளை வாங்கி ஒட்டுவதென்று முடிவு செய்தோம்.

ஒட்டுதலிலும் ஒரு நுட்பம் உண்டு. இரண்டு கழிகளின் முனைகளை நேராக வெட்டி, பசை தடவி, முட்ட வைத்தால் என்ன என்று தோன்றும். மரம் என்பது நெடுக்காகக் கட்டிய நுண்குழல்களின் கற்றை. வைக்கோற் கட்டின் வெட்டுவாயில் பசை தடவினால் குழல்கள் உறிஞ்சிக்கொள்ளுமேயன்றிப் பற்றுதல் நிகழாது. கட்டின் பக்கவாட்டில் தடவினாற் பற்றும். ஆகவே முனையைப் பக்கவாட்டாக மாற்றிக்கொள்வதே உபாயம். ஓரங்குலக் கனத்திற்கு எட்டங்குலம் என்னும் விகிதத்தில் முனையைச் சாய்த்துச் சீவினால், வெட்டுவாய் மறைந்து நீண்ட பக்கவாட்டு முகம் கிடைக்கும். எம் கழியின் கனம் ஒன்றரை அங்குலம். ஆதலின் சாய்வின் நீளம் ஓரடி. அச்சாய்வைக் கழியின் முகத்தினின்று முதுகை நோக்கிச் செலுத்தினால், முகத்தில் ஒரு மெல்லிய குறுக்குக்கோடு மட்டுமே தெரியும். முற்காலத்தில் இதற்கு வச்சிரத்தைக் காய்ச்சித் தடவுவர். இப்பொழுது வெள்ளைப் பசையே எங்கும் வழங்குகின்றது. இரண்டும் மரத்தோடு மரம் நெருங்கினால்தான் பிடிக்கும். இடைவெளியை நிரப்பும் ஆற்றல் அவற்றிற்கு இல்லை. இறுக்கிகளை இட்டு ஓரிரவு முழுதும் அசையாது வைத்தல் வேண்டும்.

கை விரல்களைக் கோத்தாற்போல முனைகளைப் பல்பல்லாக வெட்டி ஒட்டும் முறையும் உண்டு. கேரளத்து ரப்பர் மரம் குறுந்துண்டுகளாகவே கிடைப்பதால், அதனை இவ்வாறு இயந்திரத்தில் இணைத்து எட்டடிப் பலகைகளாக விற்கின்றனர். மலிவானது, உறுதியானது, ஆனால் பல் தெரியும். வர்ணம் பூசி மறைப்பதாயின் தடையில்லை. மரத்தின் நிறத்தையே காட்ட விரும்புவார்க்கு உகந்ததன்று.

அலுமினியத்தை ஏன் நாடவில்லை என்று பொறியியல் பயிலும் நண்பர்கள் கேட்பர். அதன் சட்டங்கள் 12 அடியிலும் அதற்கு மேலும் கிடைக்கும். ஓசூர்ப் பக்கத்தில் அதற்குப் பஞ்சமில்லை. பன்னிரண்டடிப் படத்திற்குப் பன்னிரண்டடிச் சட்டம் ஏழங்குலம் குறையும் என்பதை முன்னரே கண்டோம். பதினாறடிச் சட்டம் வாங்கினாற் போதும். அது வளையாது, கறையான் அரிக்காது. ஒன்று மட்டும் நினைவிற்கொள்ள வேண்டும். வெப்பம் 20 பாகை ஏறினால் 12 அடி 7 அங்குல அலுமினியம் ஏறக்குறைய 1.8 மில்லிமீட்டர் நீளும். மரம் நெடுக்கில் நீள்வதோ கண்ணுக்குத் தெரியாது. கண்ணாடிக்குப் பதிலாக அக்ரிலிக் தகடு இடுவார் இன்னும் கவனமாயிருத்தல் வேண்டும். 12 அடித் தகடு அதே வெப்பத்தில் 5 மில்லிமீட்டர் நீளும். சட்டத்துள் அதற்கு இடம் விடாவிட்டால் தகடு நடுவிற் புடைத்துப் படத்தைத் தொடும். நிச்சயமாகக் கண்ணாடி வேண்டும் என்பார் அதன் பளுவையும் கணக்கிடுக. மூன்று மில்லிமீட்டர்க் கண்ணாடி ஒரு சதுர மீட்டருக்கு ஏழரைக் கிலோகிராம்; 12 அடிக்கு 7 அடி என்றால் 58 கிலோகிராமைத் தாண்டும். எண்ணெய் ஓவியத்திற்கு வார்னிஷே போர்வையாதலின், யாம் இவ்விரண்டையும் விட்டொழித்தோம். அலுமினியத்தை விட்டதற்குக் காரணம் வேறொன்றுமில்லை; புழுதிப் பாதையும் வேப்பமரமும் உள்ள படத்தைச் சூழ அது கடைச் சன்னலைப்போல் தோன்றிற்று.

ஒட்டுப்போட்ட கழி அழகாயிருக்கும். ஆயினும் பளுவை அதன்மேல் ஏற்றலாமோ? ஈண்டுதான் எமக்கு யாத்திராகமத்தின் 26ஆம் அதிகாரம் துணைசெய்தது. ஆசரிப்புக் கூடாரத்தின் தென்சுவர் முப்பது முழ நீளம். அந்நீளத்திற்கு ஒரு பலகை தேடும்படி மோசேக்குக் கட்டளை இல்லை. ஒன்றரை முழ அகலமுள்ள சீத்திம் மரப் பலகைகள் இருபதை நிறுத்தி, அவற்றைத் தாழ்ப்பாள்களாற் பிணைத்து, நடுத்தாழ்ப்பாள் மட்டும் பலகைகளின் மையத்தில் ஒரு முனைதொடங்கி மறுமுனைவரை உருவப் பாயும்படி சொல்லப்பட்டது. காணப்படுவது பலகை, தாங்குவது தாழ்ப்பாள். பேரளவான சட்டங்களிலும் அவ்வாறே தாங்குவதையும் தோன்றுவதையும் வேறுபிரித்துவிட்டால், தோன்றும் பகுதி எத்தனை துண்டாயினும் இழுக்கில்லை.

தாங்கும் உட்சட்டத்தை இரண்டு வகையாக அமைக்கலாம். எட்டடி ஒட்டுப்பலகையை மூன்றங்குலக் கீற்றுகளாக அறுத்து, செங்கல் அடுக்குவதுபோல் ஒரு வரிசையின் இணைப்பு மறு வரிசையின் நடுவில் வருமாறு மூவரிசை ஒட்டித் திருகாணி முடுக்கினால், எவ்வளவு நீளமும் பெறலாம். மற்றொன்று இரும்பு. சதுரக் குழாய் ஆறு மீட்டர், அஃதாவது இருபதடிக்குச் சற்றுக் குறைந்த நீளத்தில் கடைதோறும் கிடைக்கின்றது; பற்றவைப்பாரும் பர்கூரில் எத்தனையோ பேர் உளர். யாம் ஓரங்குலச் சதுரக் குழாயால், நடுவே இரண்டு நிறுத்துக் குழாய்களுடன், 12 அடிக்கு 7 அடியாக ஒரு கூடு செய்வித்துத் துருப்பிடியாமல் வர்ணமும் பூசினோம். அதன் பளு ஏறக்குறைய 22 கிலோகிராம். அதன்மேல் ஓவியத்தின் துணி பூட்டிய மரப்பந்தல். அதனைச் சூழத் தேக்குக் கழி. எல்லாம் சேர்ந்து 75 கிலோகிராம் அளவாயிற்று.

பெருஞ்சட்டத்தில் மூலைவெட்டு எவ்வளவு கொடியது என்பதைக் கணக்கறிந்தார்க்கே சொல்ல வேண்டும். வெட்டும் இயந்திரம் அரைப் பாகை தவறினால், மூலையில் தோன்றும் சந்து ஒரு மில்லிமீட்டருக்குச் சிறிது மேல். அரக்கு வைத்து மறைக்கலாம். ஆனால் அவ்வரைப் பாகை பன்னிரண்டரை அடித் தொலைவிலுள்ள மறுமுனையை ஒன்றேகால் அங்குலம் புறந்தள்ளிவிடும். அங்கே மறைப்பதற்கு அரக்கு ஏது? ஆகையால் மூலைகளைப் பசையிட்டு முடிக்குமுன் குறுக்களவு இரண்டையும் நூல்பிடித்துப் பார்த்தல் வேண்டும். எம் சட்டத்திற்கு அது 14 அடி 8¼ அங்குலம். முதல் முறை ஒரு குறுக்களவு மற்றதனினும் அரை அங்குலம் மிகுந்தது. ஆசாரியார் ஒன்றும் பேசாமல் ஒரு மூலையைக் கழற்றி, இழைப்புளியை இருமுறை ஓட்டி, மீண்டும் பூட்டினார், இரண்டும் ஒத்தன.

பூட்டினார் என்றது ஆணியாலன்று. பன்னிரண்டரை அடிக்கு ஏழரை அடியான சட்டம் எந்த வாயிலிற் புகும்? நமது மண்டபத்து வாயில் ஏழடி உயரம். எனவே நான்கு மூலைகளும் முதுகுப்புறத்தில் இரும்புத் தகடும் மறையாணியுமாகக் கழற்றிப் பூட்டத்தக்கனவாய் அமைக்கப்பட்டன. உட்கூடும் நடுவில் இரண்டாகப் பிரியும். நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் கலைக்கூடத்தில் லாய்ட்சே தீட்டிய ‘வாஷிங்டன் டெலவேர் ஆற்றைக் கடத்தல்’ என்னும் ஓவியம் உண்டு. 378 சென்டிமீட்டர் உயரம், 647 சென்டிமீட்டர் அகலம். அதன் பழைய சட்டம் காணாமற் போய், பல்லாண்டு எளிய சட்டமொன்றுடன் நின்றது. 1864ஆம் ஆண்டில் எடுத்த புகைப்படம் ஒன்று அகப்பட, அதனைப் பார்த்து உச்சியிற் கழுகுருவத்துடன் பொற்சட்டம் புதிதாகச் செதுக்கி 2012இற் பூட்டினர். நம் நாட்டிலே, கல்கத்தா விக்டோரியா நினைவு மண்டபத்தில், வெரெஷ்சாகின் என்னும் ருஷ்ய ஓவியர் தீட்டிய ஜெய்ப்பூர் ஊர்வலம் ஏறக்குறைய ஐந்து மீட்டர் உயரமும் ஏழு மீட்டர் அகலமும் கொண்டு நிற்கின்றது. இவற்றின் முன்னே எம்முடையது குழந்தை; எனினும் வாயிலின் தொல்லை குழந்தைக்கும் உண்டு.

படத்தைப் பர்கூரினின்று கொண்டுவந்த வகையைச் சொல்லாமல் விடுவது நன்றிகேடாகும். துணியைச் சுருட்டிவிடலாம் என்றனர் சிலர். வர்ணம் தடித்த இடங்களில் வெடிக்கும் என்று நண்பர் இசையவில்லை. படுக்கவைத்துக் கொணர்ந்தால் வழியிலுள்ள குழிதோறும் துணி பறையடித்து அதிரும். அப்போது கருங்கற் பட்டறையொன்றில் வேலைபார்க்கும் தொழிலாளர் ஒருவர், “நாங்கள் தினமும் செய்வதுதானே, ஐயா” என்றார். மூன்று மீட்டர் நீளமும் 1.8 மீட்டர் உயரமும் இரண்டு சென்டிமீட்டர் கனமும் உள்ள பளபளப்பான கற்பலகை ஒன்று முந்நூறு கிலோகிராம் நிறுக்கும், கண்ணாடியைப்போல் உடையும். அதனைப் படுக்க வைத்தால் தன் பளுவாலேயே முறியும். ஆகவே இருபுறமும் சாய்ந்த கூரை வடிவான தாங்கியில் சற்றே சாய்த்து நிறுத்தி, அடியில் மரமும் ரப்பரும் இட்டு, பட்டைக்கயிற்றால் இழுத்துக் கட்டித் துறைமுகம் வரையில் அனுப்புகின்றனர். எம் ஓவியமும் அவ்வாறே, ஒரு லாரியின் கற்றாங்கியில், கல் நிற்கும் இடத்தில் நின்று வந்தது. ஓவியக் கூடங்கள் தம் பெரும்படங்களை நிறுத்தியே கொண்டுசெல்வதை யாம் பின்னரே படித்தறிந்தோம். பர்கூர்த் தொழிலாளர் அதனைப் படியாமலே அறிந்திருந்தார்.

மாட்டுவதில் ஒரு சொல். சிறு படத்தைப்போல் மேலிருந்து கயிற்றில் தொங்கவிட்டால், பளு முழுதும் மேற்கழிக்கும் மூலைகளுக்கும் செல்லும். கீழ்க்கழி நாளடைவில் தொய்யும். அடியில் இரண்டு இரும்புத் தாங்கிகளைச் சுவரிற் பதித்து அவற்றின்மேல் உட்கூட்டை அமர்த்தி, மேலே சாயாமல் இரண்டு பிடி மட்டும் இடுவதே முறை. அத்தாங்கிகள் இரு முனையிலும் வேண்டா. ஒவ்வொரு முனையினின்றும் முழு நீளத்தில் ஐந்திலொரு பங்கிற்குச் சற்று மிகுதியாக உட்புறம் தள்ளி, எம் அளவில் இரண்டரை அடிக்குச் சிறிது மேலாக, வைத்தல் வேண்டும். அவ்வாறு வைத்தால் சட்டத்தை வளைக்கும் விசை, முனைகளிற் தாங்கும்போது உள்ளதில் ஏறக்குறைய ஆறிலொரு பங்காகக் குறைகின்றது. பௌதிக வகுப்பு மாணவர் இதனைத் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம், விடை ஒத்துவரும். சுவருக்கும் படத்திற்கும் இடையே ஓரங்குலம் வெளிவிட்டால் மழைக்காலத்து ஈரம் துணியைப் பற்றாது.

ஓவியம் சென்ற தை மாதம் மாட்டப்பெற்றது. மேற்கழியில் இடப்பக்கத்து ஒட்டும், கீழ்க்கழியில் வலப்பக்கத்து ஒட்டும் எதிரெதிர் மூலைகளில் உள்ளன. மாலை ஐந்து மணியளவில் மேற்குச் சாளரத்து வெயில் சட்டத்தின்மேல் சாய்ந்து விழும்போது, கீழ் ஒட்டின் குறுக்குக்கோடு மயிரிழையாகப் புலப்படும். மற்றை நேரங்களில் ஆசாரியார்க்கே அதனைக் காட்டக் கூடவில்லை. அக்கோட்டிற்கு நேர் மேலே வேப்பமரமும், அதன் நிழலில் தாயும், சிலேட்டுடன் சிறுமியும் இருக்கின்றனர். ஐப்பசி, கார்த்திகை மழை கழிந்தபின் மூலைகளின் மறையாணிகளை ஒருமுறை முடுக்கிப் பார்க்கும்படி ஆசாரியார் சொல்லியிருக்கின்றார். திறப்பான் மண்டபக் காவலரிடம் இருக்கின்றது.